நாய் மாத்திரையை விழுங்கியதா இல்லையா என்று உறுதியாகத் தெரியவில்லை: காலை வரை காத்திருக்கலாமா?

நிலவொளி | முதல் நாள், இரவு 7.52

வணக்கம். அவசரத்தில் எழுதுகிறேன், குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்துக்கு முன் வீடு திரும்பியபோது, அம்மாவின் அறைத் தரையில் ஒரு மாத்திரை அட்டை கடித்துக் குதறப்பட்டுக் கிடந்தது. மூட்டு வலிக்காக அம்மா எடுத்துக்கொள்ளும் ஐபுப்ரோஃபென் 400 மி.கி. மாத்திரை அது. பத்து மாத்திரை கொண்ட அட்டையில் ஆறு அப்படியே இருக்கின்றன. நான்கு குழிகள் காலியாக உள்ளன. அந்த நான்கில் அம்மா விழுங்கியது எத்தனை, நாய் விழுங்கியது எத்தனை என்பதுதான் தெரியவில்லை. "இன்றைக்குத்தான் அந்த அட்டையைப் பிரித்தேன், ஒன்றோ இரண்டோ போட்டிருப்பேன்" என்கிறார் அம்மா. நான் வெளியே சென்றது ஆறு மணிக்கு. அப்போது அட்டை மேசைமேல் இருந்ததைப் பார்த்தேன்.

நாய்க்கு மூன்று வயது, எடை சுமார் 12 கிலோ. இப்போதுகூட வாலை ஆட்டிக்கொண்டு பந்தைத் தூக்கி வந்து என் காலடியில் போடுகிறது. வீட்டில் 4 கிலோ எடையுள்ள பூனையும் உண்டு. அதுவும் அந்த அறைக்குள் போய்வரும். வாந்தியோ சோர்வோ எதுவும் இல்லாதபோது இந்த நேரத்தில் மருத்துவமனைக்கு ஓடுவது தேவைதானா, அல்லது காலை வரை கவனித்துப் பார்க்கலாமா?

எண்சுவடி | இரவு 7.58

பதற்றத்தில் இருப்பவர் கணக்குப் போடுவது கடினம் என்பதால் நானே போட்டுத் தருகிறேன். இத்தகைய நேரத்தில், காணாமற்போன மாத்திரைகள் அத்தனையையும் நாயே விழுங்கியது என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். நான்கு மாத்திரை என்றால் 1,600 மி.கி.; அதை 12 ஆல் வகுத்தால் கிலோவுக்கு 133 மி.கி. இரண்டு என்றால் 67. ஒன்றே ஒன்று என்றாலும் 33. நாய்களுக்கு ஐபுப்ரோஃபென் கிலோவுக்கு 25 மி.கி. என்ற அளவிலேயே கவலைக்குரியது என்று எங்கள் மருத்துவர் முன்பு ஒருமுறை சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆகவே அம்மா போட்டது ஒன்றா, இரண்டா, மூன்றா என்பது தெரியவந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை. அதைக் கண்டுபிடிப்பதில் ஒரு நிமிடத்தையும் செலவிடாமல் இப்போதே கால்நடை மருத்துவரை அழையுங்கள். பூனையின் எடைக்கு ஒரே மாத்திரை கிலோவுக்கு 100 மி.கி. ஆகிவிடும் என்பதால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தென்றல் | இரவு 8.01

மருத்துவமனை தொலைவில் இருந்தால் முதலில் வாந்தி எடுக்க வைத்துவிடுவது நல்லது. வெந்நீரில் இரண்டு கரண்டி உப்பைக் கரைத்து வாயில் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். அது இயலாவிட்டால் பாலாவது கொடுங்கள், நஞ்சை முறித்துவிடும். எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறோம்.

மட்டுறுத்துநர் | இரவு 8.04

மேலே உள்ள பதிவில் சொல்லப்பட்டிருப்பதைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். தென்றல் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார் என்பதாலும், இதே யோசனையைப் பலர் வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பார்கள் என்பதாலும் பதிவை நீக்காமல், இந்த எச்சரிக்கையோடு விட்டுவைக்கிறேன். நிலவொளி அவர்களே, நீங்கள் மருத்துவரை அழைத்துவிட்டீர்களா என்பதை ஒரு வரியில் தெரிவித்துவிட்டு உடனே புறப்படுங்கள். இங்கே வரும் மறுமொழிகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

நிலவொளி | இரவு 8.06

அழைத்துவிட்டேன். எடை, மருந்தின் பெயர், ஒரு மாத்திரையில் எத்தனை மி.கி., அதிகபட்சம் எத்தனை காணவில்லை, எத்தனை மணிக்குள் நடந்திருக்கும், வாந்தி எடுத்ததா, வேறு நோயோ மருந்தோ உண்டா என்று ஏழெட்டுக் கேள்விதான் கேட்டார்கள். உடனே இரண்டையும் அழைத்துவரச் சொல்லிவிட்டார்கள். உணவோ தண்ணீரோ வலுக்கட்டாயமாகக் கொடுக்க வேண்டாம், அட்டையைக் கையோடு கொண்டுவரவும் என்றார்கள். புறப்படுகிறேன்.

கால்நடை_மருத்துவர் | இரவு 8.31

நான் கால்நடை மருத்துவர். நிலவொளியின் செல்லப்பிராணிகளை நான் பார்க்கவில்லை என்பதால் அவற்றுக்கான சிகிச்சையைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, அதாவது அறிகுறி இல்லாதபோது போக வேண்டுமா என்பது, என்னிடம் ஏறக்குறைய எல்லோரும் கேட்பது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மாத்திரையை விழுங்கிய நாய் முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருப்பது இயல்பானதே. மருந்து அப்போது இரைப்பையில்தான் இருக்கிறது. இரத்தத்தில் முழுமையாகக் கலக்கவில்லை. நாங்கள் மிக எளிதாக உதவக்கூடிய நேரமும் அதுதான். பொதுவாக முதல் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைத்தால் மருந்தின் கணிசமான பகுதியை வெளியேற்றிவிடலாம். அறிகுறி தெரிந்த பிறகு வருபவர்களுக்கு இந்த வாய்ப்பு பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும். அப்போது விளைவுகளோடு போராடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஐபுப்ரோஃபென் வகை வலி நிவாரணிகள், வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவதைத் தடுக்கின்றன. அதே புரோஸ்டாகிளாண்டின்கள்தாம் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கின்றன, சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் சீராக வைத்திருக்கின்றன. ஆகவே அவை இல்லாமற்போனால் முதலில் இரைப்பையில் புண்ணும் இரத்தக் கசிவும், அளவு கூடினால் சிறுநீரகச் செயலிழப்பும், மிகவும் கூடினால் வலிப்பும் மயக்கமும் வரும். நாய்களில் கிலோவுக்கு 25 மி.கி. முதல் இரைப்பையைப் பற்றிக் கவலைப்படுகிறோம்; 175 மி.கி. அளவில் சிறுநீரகம் கெடுகிறது, 400 மி.கி.க்கு மேல் நரம்பு மண்டலம் பாதிக்கப்படுகிறது. இந்த எல்லைகள் கத்தியால் வெட்டியது போன்றவை அல்ல. வயதான நாய், ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ள நாய், நீர்வறட்சியில் இருக்கும் நாய், வேறு வலி மருந்தோ ஸ்டீராய்டோ எடுத்துக்கொண்டிருக்கும் நாய் ஆகியவற்றுக்கு இதைவிடக் குறைந்த அளவிலேயே கேடு வரலாம். பூனைகள் நாய்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு எளிதில் பாதிக்கப்படுகின்றன.

இதே குடும்பத்தைச் சேர்ந்த நாப்ராக்ஸென் நாயின் உடலில் மிக நீண்ட நேரம் தங்குகிறது. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 74 மணி நேரம் ஆகும். மனிதர்களில் அரை நாளுக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் நடப்பது அது. "நான் தினமும் போடுகிற மாத்திரைதானே" என்ற ஆறுதலுக்கு இடமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உப்புக் கரைசலைப் பற்றி: நாய்க்குக் கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் உப்பு நச்சு அறிகுறிகளை உண்டாக்கும், 4 கிராம் அளவில் உயிர் போகலாம். வாந்தி வராமல் உப்பு உள்ளேயே தங்கிவிட்டால் இரத்தத்தில் சோடியம் ஏறி மூளை பாதிக்கப்பட்டு வலிப்பு வரும். மாத்திரைக்காகக் கொண்டுவரப்பட்டு உப்புக்காகச் சிகிச்சை பெற்ற நாயை நான் பார்த்திருக்கிறேன். பால் எந்த மாத்திரையையும் முறிப்பதில்லை. தொண்டைக்குள் விரலை விட்டுக் குடைவதும் காயத்தைத்தான் உண்டாக்கும்.

தென்றல் | இரவு 8.40

மருத்துவரம்மாவுக்கு நன்றி. எங்கள் வீட்டில் யாரும் இதைத் தவறு என்று சொன்னதில்லை; இதுவரை விபரீதம் நடக்காதது அதிர்ஷ்டம்தான் போலும். ஒரு ஐயம்: ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அதுவும் கூடாதா?

கால்நடை_மருத்துவர் | இரவு 8.52

கேட்டது நல்லதாயிற்று. நாய்களில், அதுவும் 3 சதவீதக் கரைசலை மட்டும், மருத்துவர் தொலைபேசியில் எடையைக் கேட்டு அளவைச் சொல்லி, மருத்துவமனையை நேரத்துக்குள் அடைய இயலாது என்ற நிலையில் மட்டும் கொடுக்கச் சொல்வதுண்டு. அளவை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் மருத்துவரை அழைக்காமலேயே சிலர் அதைப் பயன்படுத்துவார்கள். பூனைகளுக்கு அதை ஒருபோதும் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் அவற்றின் இரைப்பையில் கடுமையான அழற்சியையும் இரத்தக் கசிவையும் அது உண்டாக்கும். மருத்துவமனையில் நாய்களுக்கு அபோமார்ஃபின் என்ற ஊசி மருந்தைப் பயன்படுத்துகிறோம்; பெரும்பாலும் சில நிமிடங்களில் வாந்தி வந்துவிடும்.

ஏற்கெனவே தள்ளாடுகிற, அரை மயக்கத்தில் இருக்கிற, வலிப்பு வந்த, மூச்சுவிடத் திணறுகிற விலங்கை வாந்தி எடுக்க வைத்தால், வந்தது நுரையீரலுக்குள் போய்விடும். பக் போன்ற தட்டை முக நாய்களில் இந்த ஆபத்து எப்போதுமே கூடுதல். தூக்க மாத்திரையை விழுங்கிய நாயை வீட்டில் வாந்தி எடுக்க வைக்கத் தொடங்கி, பாதியில் அது மயங்கிவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். மாத்திரையோடு சிறு பொத்தான் பேட்டரியோ அமிலம், காரம் போன்ற அரிக்கும் பொருளோ உள்ளே போயிருந்தாலும் வாந்தி எடுக்க வைப்பது கூடாது.

பழைய_நண்பன் | இரவு 9.15

எதிர்க்கருத்தாகத் தோன்றினால் பொறுத்தருள்க. என் நாய் சென்ற ஆண்டு என் தைராய்டு மாத்திரைகளில் ஐந்தாறை ஒரே மூச்சில் விழுங்கியது. பதறியடித்து அழைத்தேன், அந்த அளவுக்கு ஒன்றும் ஆகாது, வீட்டிலேயே கவனியுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உண்மையில் ஒன்றும் ஆகவில்லை. எல்லாவற்றுக்கும் இப்படி ஓடத்தான் வேண்டுமா? மக்களைத் தேவையில்லாமல் அச்சுறுத்துகிறோமோ என்று தோன்றுகிறது.

எண்சுவடி | இரவு 9.22

ஆனால் நீங்கள் அழைத்தீர்கள் அல்லவா? ஒன்றும் ஆகாது என்று தீர்மானித்தவர் மருத்துவர், நீங்கள் இல்லை.

கால்நடை_மருத்துவர் | இரவு 9.40

பழைய நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தைராய்டு மாத்திரையில் இருக்கும் லெவோதைராக்சினை நாய்கள் மனிதர்களைவிட மிக வேகமாக உடைத்து வெளியேற்றுகின்றன; தைராய்டு குறைபாடுள்ள நாய்க்கு நாங்கள் எழுதித் தரும் அளவே மனிதர்களுக்கானதைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் சில மாத்திரைகள் போய்விட்டால் பெரும்பாலும் வீட்டிலேயே கவனிக்கச் சொல்வோம். ஆனால் அதே நாய் தைராய்டு மாத்திரைக்குப் பதிலாக, அதே அளவு சிறியதும் அதே வெண்ணிறம் கொண்டதுமான அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரையில் ஐந்தாறை விழுங்கியிருந்தால், இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். மாத்திரையின் உருவமோ நம் உடலில் அது செய்கிற வேலையோ எது ஆபத்து என்பதைக் காட்டித்தராது. அழைப்பவர்களில் ஒரு பகுதியினரிடம் "வர வேண்டாம்" என்றுதான் நான் சொல்கிறேன்; அந்த விடைக்காகவும் அழைக்கலாம்.

சில நாடுகளில் விலங்கு நச்சுத் தகவலுக்கென்றே நாள் முழுவதும் இயங்கும் தொலைபேசி மையங்கள் உள்ளன. அமெரிக்காவில் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பு நடத்துவது அவற்றுள் ஒன்று. அத்தகைய வசதி இல்லாத இடத்தில் இருப்பவர்கள், இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்பதை ஒரு சாதாரண நாளிலேயே விசாரித்து எண்ணைச் சேமித்துக்கொள்ளட்டும்.

மீசைக்காரி | இரவு 10.05

என் கதை விழுங்கிய கதை அன்று, நானே கொடுத்த கதை. அதனால் இதை எழுதத் தயங்கினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பூனைக்குக் காய்ச்சல் அடித்தது. விடுமுறை நாள். மருந்துக்கடையில் கேட்டபோது, குழந்தைகளுக்கே கொடுப்பதுதானே, பாரசிட்டமால் 500 மி.கி. மாத்திரையில் கால் பங்கைப் பொடித்துக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன். சில மணி நேரத்தில் முகமும் முன்னங்கால் பாதங்களும் வீங்கின. ஈறுகள் இளஞ்சிவப்பாக இல்லாமல் சேற்று நிறத்துக்கு மாறியிருந்தன. வாயைத் திறந்து மூச்சுவிடத் தொடங்கியது. மருத்துவமனையில் இரத்தம் எடுத்தபோது அது பழுப்பாக இருந்ததை நானே பார்த்தேன். நான்கு நாள் ஆக்சிஜனிலும் ஊசிகளிலும் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். பாரசிட்டமால் வயிற்றுக்கு இதமானது, ஐபுப்ரோஃபென்னைவிடப் பாதுகாப்பானது என்று மனிதர்களுக்குச் சொல்லப்படுவதைப் பூனைக்கும் பொருத்திவிட்டேன்.

கால்நடை_மருத்துவர் | இரவு 10.24

எழுதியதற்கு நன்றி அம்மா. இதைப் படிக்கிற ஒருவராவது நாளை ஒரு கால் மாத்திரையைக் கீழே வைப்பார்.

மனிதர்களின் கல்லீரல் பாரசிட்டமாலின் பெரும்பகுதியைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்துக் கேடில்லாததாக்கி வெளியேற்றுகிறது. பூனைக்கு அந்த இணைப்பைச் செய்யும் நொதி போதிய அளவில் இல்லை. அதனால் மருந்து வேறு வழியில் உடைந்து நச்சுப்பொருளாகிறது. அதைத் தணிக்கும் குளுட்டாதயோன் விரைவில் தீர்ந்துவிடுகிறது. பிறகு சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க இயலாத மெட்ஹீமோகுளோபினாக மாறுகிறது. நீங்கள் கண்ட பழுப்பு நிறம் அதுதான். பூனையைப் பொறுத்தவரை பாரசிட்டமாலில் பாதுகாப்பான அளவு என்ற ஒன்று கிடையாது. கிலோவுக்கு 10 மி.கி. அளவிலேயே நச்சு ஏறியதாகப் பதிவுகள் உள்ளன. நீங்கள் கொடுத்த கால் பங்கு 125 மி.கி.; 4 கிலோ பூனை என்றால் கிலோவுக்கு 31.

நாய்களில் கேடு பெரும்பாலும் கல்லீரலில் நிகழும். கிலோவுக்கு 100 மி.கி.யை ஒட்டிய அளவுகளில் அது தொடங்கலாம். ஆனால் பாதிப்பு வெளியே தெரிய ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகும் என்பதால் "நேற்றே தின்றது, இன்றும் நன்றாக இருக்கிறதே" என்பது ஆறுதல் ஆகாது. இதற்கு நச்சுமுறி உண்டு: என்-அசிட்டைல்சிஸ்டீன். மனிதர்களுக்குப் பயன்படுத்துவதேதான். எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு பயன்.

குப்பி | இரவு 10.50

நான் மருந்தாளுநர். மீசைக்காரி சொன்ன கடைக்காரரின் இடத்தில் என்னைப் போன்ற ஒருவர் இருந்திருப்பார் என்பது உறுத்துகிறது. எங்கள் படிப்பில் விலங்குகளைப் பற்றி மிகக் குறைவாகவே கற்கிறோம். என் துறையிலிருந்து சொல்லக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

மருத்துவரிடம் பிராண்டு பெயரை மட்டும் சொல்லாதீர்கள். அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ள கலவை வரியைப் படித்துக் காட்டுங்கள். சளிக்கான ஒரே மாத்திரையில் பாரசிட்டமாலும் மூக்கடைப்பைப் போக்கும் மருந்தும் காஃபீனும் சேர்ந்திருக்கலாம். மூன்றுமே நாய்க்கு வெவ்வேறு வகையில் கெடுதல். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். போன்ற எழுத்துகள் இருந்தால் அது மெதுவாகக் கரையும் மாத்திரை. அறிகுறிகள் தாமதமாக வரும், நீண்ட நேரம் நீடிக்கும், மேலும் கடித்து நொறுக்கியிருந்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக உள்ளே போகும். முன், பின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடித்த அட்டையின் துணுக்குகளையும் கொண்டுசெல்லுங்கள். காணாமற்போன அலுமினியத் தாளும் பிளாஸ்டிக்கும் குடலைக் கீறவோ அடைக்கவோ கூடும்.

விழுங்குவது மாத்திரையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆஸ்துமாவுக்கான சால்புட்டமால் இன்ஹேலரை நாய் கடித்துத் துளைத்தால், பல நூறு முறை இழுப்பதற்கான மருந்து சில நொடியில் வாய்க்குள் பாயும். இதயத் துடிப்பு தாறுமாறாக எகிறி இரத்தத்தில் பொட்டாசியம் சரியும். தோலில் பூசும் களிம்புகளை மக்கள் மருந்தாகவே கருதுவதில்லை. சருமப் புற்றுக்குத் தரப்படும் ஃபுளோரோயுராசில் களிம்பைக் கடித்து 5 நாய்கள் இறந்ததையடுத்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முன் 2015-ல், உரிமையாளர் தம் உடலில் பூசியிருந்த ஃபுளுர்பிபுரோஃபென் வலிக் களிம்பால் பூனைகள் நோயுற்று இறந்ததைப் பற்றியும் எச்சரித்திருந்தது. முடி வளர்வதற்கான மினாக்சிடில் தலையில் பூசப்படுவது. அந்தத் தலையணையில் படுத்துவிட்டுத் தன் ரோமத்தை நக்கும் பூனைக்கு அது இரத்த அழுத்தத்தைக் குறைத்து நுரையீரலில் நீர் கோக்க வைக்கும்.

சர்க்கரை இல்லாத சிரப்புகளிலும் மெல்லும் மாத்திரைகளிலும் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கலாம். நாயின் உடல் அதைச் சர்க்கரை என்று எண்ணி இன்சுலினைக் கொட்டும். கிலோவுக்கு 0.1 கிராம் அளவிலேயே இரத்தச் சர்க்கரை ஒரு மணி நேரத்துக்குள் விழலாம், 0.5 கிராமுக்கு மேல் கல்லீரலும் கெடும். மருந்தைவிட அதன் இனிப்பு கொடியதாக இருக்கும் நிலையும் உண்டு என்பதற்காக இதைச் சொன்னேன்.

நீலக்கல் | இரவு 11.12

ஒரு கேள்வி; கேட்க வெட்கமாக இருக்கிறது. எனக்கு மனச்சோர்வுக்கான மருந்து உண்டு. அது வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாது. அதை நாய் தின்றுவிட்டால், எல்லோர் முன்னிலையிலும் மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

கால்நடை_மருத்துவர் | இரவு 11.20

வரவேற்பறையில் சொல்ல வேண்டாம். மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். நாங்கள் நாயின் குறிப்பேட்டில் மருந்தின் பெயரை எழுதுவோம். அது யாருடையது என்பது எங்களுக்குத் தேவையில்லை. ஆனால் பெயரை மறைத்துவிடாதீர்கள். மனச்சோர்வு மருந்துகள் பலவும் செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருளைக் கூட்டுபவை. நடுக்கம், அமைதியின்மை, உடல் வெப்பம் ஏறுதல் என்று வரும். பெயர் தெரிந்தால் அதைக் கட்டுப்படுத்தும் சைப்ரோஹெப்டடினைக் கொடுக்கலாம். பூனைகள் வெறுத்து ஒதுக்காத மாத்திரை அரிது. ஆனால் வென்லாஃபாக்சின் காப்ஸ்யூலை அவை விரும்பித் தின்பதைப் பலமுறை காண்கிறோம். காசநோய்க்கான ஐசோனியாசிட் நாயில் வலிப்பை உண்டாக்கும், அதற்கு வைட்டமின் பி6 தான் நச்சுமுறி. நோயின் பெயரைச் சொல்லக் கூசி அதை மறைத்தால், எங்களுக்குத் தோன்றவே தோன்றாத ஒரு ஊசிதான் அந்த நாயைக் காப்பாற்றியிருக்கும். கஞ்சா உள்ளிட்ட போதைப் பொருள்களுக்கும் இது பொருந்தும்.

நிலவொளி | இரண்டாம் நாள், காலை 9.10

எல்லோருக்கும் நன்றி. நேற்று 8.25-க்கு மருத்துவமனையை அடைந்தோம். ஊசி போட்ட சில நிமிடங்களில் நாய் வாந்தி எடுத்தது. இளஞ்சிவப்பு மேற்பூச்சோடு பாதி கரைந்த மாத்திரைத் துண்டுகளும் அலுமினியத் தாளின் இரண்டு துணுக்குகளும் வெளியே வந்தன. அதுவரை அது தின்னவேயில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு, உள்ளே மிஞ்சிய மருந்தைப் பிடித்துவைக்கும் செயலூட்டப்பட்ட கரியைக் கொடுத்தார்கள். இந்த மருந்து குடலிலிருந்து உறிஞ்சப்பட்டுக் கல்லீரல் வழியாக மீண்டும் குடலுக்கே வந்து சுழலும் என்பதால் கரியை மறுமுறையும் கொடுத்தார்கள். சலைன் ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் அங்கேயே வைத்திருக்கச் சொல்கிறார்கள். அமிலத்தைக் குறைக்கும் ஊசியும், இரைப்பையின் உட்சுவரைக் காக்க மிசோபுரோஸ்டாலும் தருகிறார்கள். கர்ப்பிணிகள் யாரும் அந்த மாத்திரையைக் கையால் தொட வேண்டாம் என்று என்னை எச்சரித்ததை, இங்கே வேறு யாருக்காவது பயன்படும் என்று குறிப்பிடுகிறேன். பூனைக்கு இரத்தப் பரிசோதனை செய்து கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள். இதுவரை கோளாறு இல்லை.

நிலவொளி | மூன்றாம் நாள், மாலை 5.30

நாயின் மலம் கறுப்பாக இருக்கிறது. இரைப்பைப் புண்ணில் இரத்தம் கசிந்தால் கறுப்பாகப் போகும் என்று இங்கே தேடிப் படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. பணியிலிருக்கும் மருத்துவர் வருவதற்குள் யாராவது சொல்ல முடியுமா?

கால்நடை_மருத்துவர் | மாலை 5.48

கரி கொடுத்த நாயின் மலம் ஓரிரு நாள் கறுப்பாகத்தான் இருக்கும். இரத்தம் கலந்த மலம் தார் போலப் பளபளத்து ஒட்டும், தனியொரு துர்நாற்றம் வீசும். கரியின் கறுப்பு மங்கலாக இருக்கும். ஆயினும் இரண்டும் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதால் பார்வையை மட்டும் நம்ப வேண்டாம். ஈறுகள் வெளிறியிருக்கின்றனவா என்று பாருங்கள். சிவப்பணு அளவை மறுபடியும் பார்க்கும்படி கேளுங்கள். சிறு குழாயில் ஓரிரு துளி இரத்தத்தில் சில நிமிடங்களில் முடியும் சோதனை அது.

நிலவொளி | ஐந்தாம் நாள், காலை 11.00

சிவப்பணு அளவு முதல் நாள் இருந்தபடியே இருக்கிறது. கறுப்பு கரியால் வந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை மூன்று முறை பார்த்தார்கள், மூன்றும் இயல்பு. நேற்று மாலை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். பூனை முந்தாநாளே வந்துவிட்டது.

இன்று காலை அம்மாவின் கட்டிலை நகர்த்திப் பெருக்கியபோது சுவரோரத்தில் ஒரு மாத்திரை கிடந்தது. மேற்பூச்சின் இனிப்பு முழுவதும் நக்கப்பட்டு, ஒரு பக்கம் பல் தடத்தோடு. அம்மா தம் மருந்துக் குறிப்பை எடுத்துப் பார்த்து, அன்று பகலில் ஒன்று மட்டும் போட்டதாகச் சொல்கிறார். ஆக, நாய் விழுங்கியது இரண்டு, எண்சுவடி போட்ட கணக்கில் கிலோவுக்கு 67. பூனை எதையும் தின்னவில்லை என்பதும் இப்போது ஏறத்தாழ உறுதி. அதை வீணாக அலைக்கழித்துவிட்டோமோ என்று அம்மா கேட்கிறார்; அன்று இரவு கட்டிலுக்கு அடியில் பார்க்க எங்களுக்குத் தோன்றவும் இல்லை, நேரமும் இல்லை என்று சொன்னேன்.

எண்சுவடி | காலை 11.20

அம்மாவிடம் சொல்லுங்கள், கட்டிலுக்கு அடியில் தேடிக் கண்டுபிடித்திருந்தால் 133 என்ற எண் 100 ஆகியிருக்கும், அவ்வளவுதான். மாத்திரைகளை இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள்?

நிலவொளி | காலை 11.34

அலமாரியின் மேல்தட்டில், பூட்டி. கிழமைவாரியாக அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டியை வாங்கலாம் என்று நினைத்தோம். மருத்துவமனைச் செவிலியர் வேண்டாம் என்றார். குலுக்கினால் கிலுகிலுப்பை போல ஒலிக்கும், குழந்தைகள் திறக்க முடியாத மூடி நாயின் பல்லுக்கு ஒரு பொருட்டே இல்லை என்றார். வருகிற விருந்தினரின் கைப்பையையும் இனி தரையில் வைக்க விடப்போவதில்லை. நாய்க்கு இன்னும் பத்து நாளுக்கு அமிலக் குறைப்பு மாத்திரை உண்டு. அதை அம்மாவின் மாத்திரைகளோடு ஒரே தட்டில் வைக்காமல் வேறிடத்தில் வைத்திருக்கிறேன், மாறிப்போய் அம்மாவுக்கு அதையும் நாய்க்கு இதையும் கொடுத்துவிடக் கூடாது அல்லவா. அடுத்த இரத்தப் பரிசோதனை வரும் திங்கட்கிழமை.